புது றேஸ் சைக்கிளில் பிறேம் பிழையா? அறிகுறியைப் பிடித்துத் தேடும் வழி

கல்லடிப் பாலத்தடியில் நிலா இரவில் மீன் பாடும் என்பார்கள். நான் கேட்டதில்லை. ஆனால் நான் வாங்கிய புது றேஸ் சைக்கிள் அந்தப் பாலத்தில் ஏறும்போதெல்லாம் பாடியது. வலக்கால் கீழே போகிற ஒவ்வொரு மிதிக்கும் ஒரு "கிறிச்". மூன்றாம் நாளே பிறேம் வெடித்துவிட்டது என்று முடிவு கட்டி, கொழும்பில் வாங்கிய கடைக்கு வட்ஸ்அப்பில் குரல்பதிவும் அனுப்பிவிட்டேன். கடைசியில் பார்த்தால் அந்தச் சத்தம் பிறேமில் இருந்து வரவில்லை. அதைத் தேடிப் போன வழியில்தான், நான் சந்தேகமே படாத வேறொரு பிழை பிறேமில் இருப்பது தெரிந்தது.

றலி, லுமாலா என்று தடித்த இரும்புச் சைக்கிளில் பழகிய கை நமக்கு. அதில் எது சத்தம் போட்டாலும் ஒரு ஸ்பனரும் கொஞ்சம் கிறீஸும் போதும். மெல்லிய அலுமினியத்திலும் கார்பனிலும் அந்தப் பழக்கம் ஆகாது. எதை எந்த ஒழுங்கில் பார்ப்பது என்பதைத்தான் கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன்.

ஏறவே கூடாத நிலைகள்

சிலவற்றுக்குச் சோதனை ஓட்டமே கிடையாது. முன்சில்லைப் பிடிக்கிற ஃபோர்க்கிலோ, அது நுழைகிற தலைக்குழாயும் கீழ்ப் பாரும் சேரும் இடத்திலோ கோடு தெரிந்தால் ஏறாதீர்கள். ஃபோர்க் திரும்புகிற பெயரிங்கான ஹெட்செட்டைச் சரியாக இறுக்கிய பிறகும் முன்பக்கம் தட்டினாலும் அப்படித்தான். கார்பன் குழாயில் விரலால் அழுத்த ஒரு இடம் மட்டும் மெத்தென்று உள்வாங்கினாலும் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிடுங்கள். பின்பக்கம் விட்டுப்போனால் பெரும்பாலும் ஆட்டம் காட்டி, சத்தம் போட்டு, இறங்க நேரம் தரும். முன்பக்கம் விட்டால் பல்லுத்தான் முதலில் றோட்டைத் தொடும்.

கை வைக்குமுன்

படம் எடுங்கள். முழுச் சைக்கிள் ஒன்று, சந்தேக இடம் கிட்டத்தில் ஒன்று, அதே இடம் அடிமட்டத்தை வைத்து ஒன்று. கிறாங்க் சுழல்கிற பி.பி. (பொட்டம் பிறாக்கெற்) குழாயின் அடியில் தொடர் இலக்கம் அடித்திருக்கும், அதையும் எடுங்கள். பற்றுச்சீட்டை எடுத்து வையுங்கள். பெட்டி இருந்தால் எறியாதீர்கள்.

பெயின்ற் சுரண்டுவது, அரம் போடுவது, வளைத்து நிமிர்த்துவது, ஒட்டுவது எதுவும் வேண்டாம். கேற் வெல்டிங் ஒட்டுகிற பட்டறையில் "அலுமினியமும் ஒட்டுவோம் தம்பி" என்பார்கள். ஒட்டுவார்கள்தான். றேஸ் பிறேமுக்குப் பாவிக்கிற 6061 போன்ற அலுமினியக் கலவைக்கு, ஒட்டி முடித்த பிறகு சூளையில் சூடாக்கிப் பதப்படுத்தித்தான் அதன் பலம் வருகிறது. பிறகு யாராவது ஒரு இடத்தில் மட்டும் சூடு காட்டினால் அந்த இடத்தின் பதம் போய்விடும், ஒட்டுக்குப் பக்கத்திலேயே திரும்ப வெடிக்கும். வாரண்டியும் அதோடு முடிந்தது.

மிதிக்கும்போது கிறிச் கிறிச்

அதிகம் பேர் பயப்படுவது இதற்குத்தான். பிறேம் ஒரு வெறுங்குழாய், வீணைக்குடம் மாதிரி. பின்னச்சில் பிறக்கிற சத்தம் கிறாங்கில் கேட்கும், சீற்றில் பிறப்பது ஹாண்டிலில் கேட்கும். காதை நம்பிக் கழற்றத் தொடங்கினால் முழுச் சைக்கிளையும் கழற்றவேண்டி வரும்.

காத்தான்குடியில் நான் வழக்கமாகப் போகிற, சைக்கிள் திருத்துகிற நானாவிடம் கொண்டுபோய், "நானா, பிறேம் வெடிச்சிட்டுது போல" என்றேன். அவர் சைக்கிளைத் தொடவே இல்லை. "எழும்பி மிதிச்சாலும் கேக்குதா, இருந்து மிதிச்சா மட்டுமா?" என்று கேட்டார். நான் அதைக் கவனித்திருக்கவில்லை. "போய்ப் பாத்திட்டு வாங்க தம்பி. பிறேமைக் குற்றம் சொல்ல முந்தி அதைச் சுத்தி இருக்கிறதையெல்லாம் விசாரிக்கணும்."

விசாரணை இப்படி. சீற்றில் இருந்து எழும்பி மிதிக்கச் சத்தம் நின்றால் சீற், சீற்றுத் தண்டவாளம், சீற் பைப் என்று அங்கேயே பாருங்கள். மிதிக்காமல் உருளவிட்டு ஹாண்டிலை மட்டும் இழுத்துத் தள்ளும்போது கேட்டால் ஹாண்டிலைப் பிடிக்கிற ஸ்டெம்மும் ஹெட்செட்டும். எழும்பினாலும் இருந்தாலும் மிதிக்கு ஒரு தரம் கேட்டால் மட்டுமே கீழ்ப்பக்கம் போங்கள்.

கீழ்ப்பக்கத்திலும் மலிவானதில் இருந்து தொடங்குங்கள். வேறு சைக்கிளின் பெடலைக் கழற்றிப் போட்டுப் பாருங்கள். இடப் பெடலின் மரை எதிர்ப்பக்கம் சுற்றும் என்பதை மறந்து பலர் கிறாங்கையே கெடுத்திருக்கிறார்கள். பூட்டும்போது மரைக்குக் கிறீஸ் போடுங்கள். அடுத்து பல்லுச்சக்கர ஆணிகள், பிறகு தண்ணீர்ப் போத்தல் கூட்டின் இரண்டு ஆணிகள். சிரிக்காதீர்கள், அந்தக் கூடு போடுகிற சத்தத்துக்குப் பி.பி. மாற்றிய ஆட்களை எனக்குத் தெரியும். பிறகு சில்லைப் பூட்டுகிற குவிக் ரிலீஸ், அல்லது டிஸ்க் பிறேக் சைக்கிள் என்றால் சில்லின் ஊடாகப் போகிற குறுக்கச்சு. அச்சும் பிறேமும் தொடும் முகங்களைத் துணியால் துடைத்து, மிக மெல்லிசாகக் கிறீஸ் பூசி, நேராக இறுக்குங்கள்.

என் சத்தம் அங்கேதான் இருந்தது. கல்லடிக் கடற்கரை வீதியில் காற்று அள்ளிப்போடுகிற மணல், பின்சில்லின் குவிக் ரிலீஸுக்கும் பிறேமுக்கும் நடுவில் நெருநெருத்துக்கொண்டிருந்தது. கொழும்புக்கு அனுப்பிய குரல்பதிவை நினைத்து இன்றைக்கும் வெட்கம்.

இவ்வளவுக்கும் பிறகு மிஞ்சினால், கிறாங்க் சுழலும் பெயரிங்கான பி.பி. இது இரண்டு வகை. மரையில் சுற்றிப் பூட்டுகிற பழைய வகை, 68 மில்லிமீற்றர் அகலக் குழாயில் போகும், வலப்பக்கக் கோப்பை இடமரை. அதைக் கழற்றித் துடைத்துக் கிறீஸ் போட்டு உரிய இறுக்கத்தில் பூட்டினால் அநேகமாக அடங்கும். மற்றது அழுத்திப் பொருத்துகிற வகை. பி.பி.86 என்பதில் குழியின் விட்டம் 41 மில்லிமீற்றர், அகலம் 86.5. இதில் குழி கொஞ்சம் பெருத்தாலோ, வட்டம் கோணினாலோ, இடமும் வலமும் ஒரே நேர்கோட்டில் இல்லாவிட்டாலோ எந்தப் புதுப் பி.பி. போட்டாலும் சில கிழமையில் திரும்பவும் கத்தும். சரியான கருவியால் ஒழுங்காகப் பொருத்திய இரண்டாவது பி.பி.யும் கத்தினால் அது பிறேமின் பிழை. கடையில் உள்ளளவு பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பசை போட்டு ஒட்டித் தருகிறோம் என்றால், புதுச் சைக்கிளுக்கு அது மருந்து அல்ல என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது.

நம் ஊரில் மலை இல்லை என்பதால் சோதிக்க இடம் இல்லை என்று நினைக்க வேண்டாம். பாலத்து ஏற்றம் போதும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் பாரமான கியர் போட்டு எதிர்க்காற்றில் ஒரு கிலோமீற்றர் மிதித்தால் மலை ஏறியதற்குச் சமன்.

பின்சில்லு ஒரு பக்கம் ஒதுங்கி நிற்கிறது

மணலைத் துடைத்துச் சில்லைத் திரும்பப் போட்டபோதுதான் கண்ணில் பட்டது. பி.பி.யில் இருந்து பின்னச்சுக்குப் போகிற கீழ்த்தண்டுகளுக்கு நடுவில் ரயர் இடப்பக்கம் 5 மில்லிமீற்றர் இடைவெளியும் வலப்பக்கம் 10 மில்லிமீற்றர் இடைவெளியும் விட்டு நின்றது.

முதலில் சில்லு அடிவரை இறங்கி இருக்கிறதா பாருங்கள். சைக்கிளைத் தலைகீழாக வைத்தல்ல, நிலத்தில் நிறுத்தி, குவிக் ரிலீஸைத் தளர்த்தி, சீற்றை ஒரு அமுக்கு அமுக்கி இறுக்குங்கள். அச்சு உட்காரும் வெட்டுக்குள் பெயின்ற் கட்டி நின்றாலும் சில்லு சரியும்.

அடுத்தது சில்லா பிறேமா என்ற கேள்வி. றிம் பிறேக் சைக்கிளில் பின்சில்லைக் கழற்றி, பல்லுக்கட்டு இடப்பக்கம் வரும்படி திருப்பிப் போடுங்கள். செயினை ஒதுக்கி விடலாம், ஓடப்போவதில்லை. குறுகிய இடைவெளி மறுபக்கத்துக்கு மாறினால் பிழை சில்லில். கம்பி இழுத்து றிம்மை நடுவுக்குக் கொண்டுவர நல்ல கைகாரருக்கு அரை மணித்தியாலம் போதும். திருப்பியும் குறுகிய பக்கம் அதே பக்கமே என்றால் பிழை பிறேமில். டிஸ்க் பிறேக் சைக்கிளில் இப்படித் திருப்ப இடம் விடாது. நேரானது என்று தெரிந்த இன்னொரு சில்லைக் கடன் வாங்கிப் போட்டுப் பாருங்கள்.

எனக்குத் திருப்பியும் இடப்பக்கம் 5 தான். அப்போதுதான் நூல் பிடித்தேன். இதற்கு எங்கள் பக்கத்தில் கிடைக்கிற தங்கூசியை, அதாவது மீன்பிடி நைலோன் நூலை, விட நல்ல நூல் இல்லை. இழுத்தால் விறைத்து நிற்கும், மெல்லியது, தடிப்பு எல்லா இடமும் ஒன்று. பின்சில்லைக் கழற்றிவிட்டு, இடப்பக்க அச்சு வெட்டில் கட்டி, தலைக்குழாயைச் சுற்றி, வலப்பக்க வெட்டுக்குக் கொண்டுவந்து இழுத்துக் கட்ட வேண்டும். இரண்டு பக்கமும் நூல் வெட்டின் உள்முகத்தில் இருந்து புறப்படவேண்டும். வலப்பக்க வெளிமுகத்தில் கியர்க் கையைத் தாங்குகிற காது இருப்பதால், வெளியால் கட்டினால் அதன் தடிப்பு கணக்கில் ஏறி, நல்ல பிறேமும் கோணலாகத் தெரியும். முதல் தரம் நானும் அப்படித்தான் கட்டினேன். கேபிள் எதிலாவது நூல் உரசுகிறதா என்றும் பாருங்கள். பிறகு, சீற் பைப் இறங்குகிற சீற் குழாயின் இரு பக்கத்திலும் நூல் வரை உள்ள தூரத்தை அளவுங்கள். வேர்னியர் இருந்தால் நல்லது, பள்ளிக்கூட அடிமட்டமும் போதும்.

இரண்டு அளவுக்கும் வித்தியாசம் ஒரு மில்லிமீற்றருக்குள் என்றால் பிறேம் நேர். இரண்டு என்றால் நான் பொறுத்துக்கொள்வேன். மூன்றைத் தாண்டினால் கடையோடு பேச வேண்டியதுதான். எனக்கு இடப்பக்கம் 32, வலப்பக்கம் 28.5. மூன்று தரம் கட்டி அவிழ்த்து அளந்தேன், ஒவ்வொரு முறையும் அடிமட்டத்தோடு படம் எடுத்தேன்.

ஈர மணலில் ஓட்டி இரண்டு ரயரின் தடமும் ஒன்றின் மேல் ஒன்று விழுகிறதா என்று பார்க்கச் சொல்பவர்கள் உண்டு. கடல் மணலில் புதுச் சைக்கிளை இறக்க எனக்கு மனம் வரவில்லை. வாசல் சீமெந்தில் தண்ணீர் ஊற்றி, அதன் ஊடாக நேராக உருட்டிப் பார்த்தாலும் தெரியும்.

இரும்புப் பிறேம் என்றால் அனுபவமுள்ளவர் குளிர்நிலையில் வளைத்து நேராக்கலாம். அலுமினியமும் கார்பனும் அதற்கு இடம் தராது. "கொஞ்சம் அமத்தி விட்டாச் சரி" என்று யாராவது வந்தால் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

கை விட்டால் ஒரு பக்கம் இழுக்கிறது

பிறேமுக்கு முன் றோட்டைச் சந்தேகியுங்கள். மழைத்தண்ணீர் வடிய றோட்டின் நடு உயர்ந்து ஓரம் தாழ்ந்திருக்கும். நாம் ஓடுவது இடப்பக்க ஓரத்தில், ஆகவே எல்லாச் சைக்கிளும் கொஞ்சம் இடப்பக்கம் சாயப் பார்க்கும். கல்முனைப் பக்கம் போகிற வீதியில் பின்னேரம் கடற்காற்றும் பக்கவாட்டில் தள்ளும். விடிய, காற்று எழும்ப முந்தி, சமமான இடத்தில் இரண்டு திசையிலும் ஓட்டிப் பாருங்கள். இரண்டு திசையிலும் ஒரே பக்கம் இழுத்தால்தான் விசாரணை. அதற்கும் ஆளில்லாத இடம் வேண்டும்.

முன்சில்லைத் தூக்கி ஹாண்டிலை மெல்ல ஆட்டுங்கள். நடுவில் ஒரு பள்ளத்தில் விழுந்தது போல நின்றால் ஹெட்செட் கூடுதலாக இறுகியிருக்கலாம், அல்லது அதன் பெயரிங் பழுதாகியிருக்கலாம். ஒரு பக்கம் தானாகவே திரும்பினால் கேபிள் உறை இழுக்கிறதா பாருங்கள். பிறகு முன்சில்லைத் திருப்பிப் போடுங்கள். டிஸ்க் என்றால் தட்டைக் கழற்றிவிட்டுத் திருப்புங்கள். இழுப்புப் பக்கம் மாறினால் சில்லு அல்லது ரயர். மாறாவிட்டால் ஃபோர்க்கும், மேலே சொன்ன நூல் சோதனையும்.

கியர் எவ்வளவு திருத்தினாலும் ஒழுங்காக விழவில்லை

புதுக் கேபிள் முதல் சில கிழமை தளர்ந்து இடம் பிடிக்கும். அது நோய் அல்ல, கேபிள் திருகை அரைச் சுற்று, ஒரு சுற்று திருப்பினால் போதும். நடுப் பல்லுகளில் சரியாக விழுந்து இரண்டு அந்தத்திலும் குழம்பினால், பின் கியர்க் கையைத் தாங்கும் காது வளைந்திருக்கும். பின்னால் நின்று பார்த்தால் கியர்க் கையின் இரண்டு சிறு சில்லும் பல்லுக்கட்டோடு ஒரே தளத்தில் நிற்க வேண்டும். கொழும்பில் இருந்து பஸ்ஸின் அடிப்பெட்டியில் மூட்டைகளோடு வருகிற சைக்கிளுக்கு இது சாதாரணம். வலப்பக்கம் கீழே கிடத்தினால் முழுப் பாரமும் அந்தக் காதில்தான். அது பிறேமைக் காப்பாற்றத் தான் வளையும்படி செய்த தனித் துண்டு, பெரும்பாலான அலுமினிய, கார்பன் பிறேமில் இரண்டு சிறு ஆணியைக் கழற்றிப் புதிது மாட்டலாம். பிறேமுக்குப் பிறேம் வடிவம் வேறு என்பதால் வாங்கும்போதே ஒன்று கூடுதலாக வாங்கி வையுங்கள். மட்டக்களப்பில் தேடி அலைவது வீண்.

புதுக் காது, புதுக் கேபிள், நேரான சில்லு எல்லாம் இருந்தும் விழவில்லை என்றால் நூலைக் கட்டுங்கள்.

சீற் மெல்ல மெல்ல இறங்குகிறது

இறுக்கிக்கொண்டே போகாதீர்கள். பல கிளாம்புகளில் இறுக்க அளவு 5 நியூட்டன் மீற்றர் என்று அடித்திருக்கும், அது அலங்காரத்துக்கு அல்ல. கார்பன் பைப்புக்குக் கிறீஸ் பூசியிருந்தால் வழுக்கும், அதைத் துடைத்து மணிமணியான கார்பன் பசை போட வேண்டும். அலுமினியத்துக்குள் அலுமினியம் என்றால் கிறீஸ். நம் கரையோர உப்புக் காற்றில் கிறீஸ் இல்லாமல் விட்டால் அடுத்த வருடம் பைப் கழற்ற வராது.

இதற்கும் இறங்கினால் பைப்பின் வெளி விட்டத்தையும் குழாயின் உள் விட்டத்தையும் வேர்னியரால் அளவுங்கள். பைப்பில் 27.2 என்று அடித்திருந்து, அளக்க அதே வந்தும், குழாய்க்குள் அது தளர்ந்து ஆடினால் பிறேமின் பிழை. சீற் குழாயின் மேல்வாய் வெட்டின் அடிநுனியையும் ரோர்ச் அடித்துப் பாருங்கள். கூட இறுக்கியவர்களுக்கு வெடிப்புத் தொடங்குவது அங்கேதான்.

முன் பிறேக் பிடிக்கத் தட்டுகிறது

முன் பிறேக்கை இறுகப் பிடித்து, ஒரு கையால் ஹெட்செட் வளையத்தைத் தொட்டபடி சைக்கிளை முன்பின் தள்ளுங்கள். விரலில் ஆட்டம் தெரிந்தால் ஹெட்செட் தளர்வு. ஸ்டெம்மின் பக்க ஆணிகளைத் தளர்த்திவிட்டுத்தான் மேல் மூடியை இறுக்க வேண்டும். பக்க ஆணி இறுகியபடி மூடியை முறுக்கினால் ஒன்றும் நடக்காது, மூடிதான் உடையும். அதற்கும் போகாத தட்டலுக்கு ஃபோர்க்கைக் கழற்றி உள்தண்டைப் பார்க்க வேண்டும், அதுவரை சைக்கிள் வீட்டில்.

பெயின்றில் மயிர்க்கோடு

நேராக லைற் அடித்தால் தெரியாது. இருட்டில், ரோர்ச்சைக் குழாயோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடியுங்கள். அலுமினியத்தில் பார்க்க வேண்டியது ஒட்டின் மேல் அல்ல, ஒட்டு முடிந்து குழாய் தொடங்கும் ஓரம். கீழ்ப் பார் தலைக்குழாயோடு சேரும் அடிப்பக்கம், பி.பி.யைச் சுற்றி, பின் அச்சு வெட்டுகளின் கழுத்து, இவைதான் அதிகம் உழைக்கிற இடங்கள். சைக்கிள்களுக்கான ஐ.எஸ்.ஓ. 4210 தரத்தில் பிறேமை மிதிவிசை கொடுத்து 100,000 தரம் ஆட்டிப் பார்க்கிற சோதனையே இருக்கிறது. அலுமினியத்துக்கு இரும்பைப் போல, அதற்குக் கீழே பயமில்லை என்கிற பாரத்தின் எல்லை ஒன்று கிடையாது. சிறு பாரம் என்றாலும் திரும்பத் திரும்ப விழுந்தால் களைப்பு சேர்ந்துகொண்டே போகும், ஆகவே தொடங்கிய வெடிப்பு தானாக நிற்காது.

மெல்லிய பஞ்சை அந்தக் கோட்டின் குறுக்கே இழுங்கள். இழை மாட்டினால் விளிம்பு எழும்பியிருக்கிறது. சீற் குழாயில் என்றால் பைப்பைக் கழற்றி உட்பக்கத்தையும் பாருங்கள், உள்ளேயும் கோடு இருந்தால் பேச்சுக்கு இடமில்லை. முன்பக்கம் அல்லாத இடம், பெயின்றா பிறேமா என்று தீராத சந்தேகம் என்றால், கோட்டின் இரண்டு நுனியிலும் பென்சிலால் புள்ளி வைத்துத் திகதி எழுதுங்கள். வீட்டுத் தெருவில் மெதுவாக ஓடிப் பாருங்கள். கோடு புள்ளியைத் தாண்டியதும் நிறுத்துங்கள்.

கார்பனில் ஐந்து ரூபாய்க் குற்றியால் தட்டிப் பார்க்கலாம். நல்ல இடம் "டக்" என்று கூர்மையாகப் பேசும், உட்படை பிரிந்த இடம் "தொப்" என்று செத்த சத்தம் தரும். மூட்டுகளில் தடிப்பு மாறுவதால் அங்கே சத்தமும் மாறும், அதற்குப் பயப்பட வேண்டாம். எதிர்ப்பக்கத்தில் அதே இடத்தைத் தட்டி ஒப்பிடுங்கள்.

போத்தல் கூட்டு ஆணியைச் சுற்றிப் பெயின்ற் கொப்பளித்திருந்தால் அது வெடிப்பு அல்ல, உப்பு. இரு வேறு உலோகம் தொடும் இடத்தில் அலுமினியம் அரிக்கிறது. புதுச் சைக்கிளில் அது இருந்தால் அது எங்கே, எவ்வளவு காலம் கிடந்தது என்று கடையில் கேளுங்கள்.

உள்ளே ஏதோ கிலுகிலுக்கிறது

பெரும்பாலும் கேபிள் குழாய்ச் சுவரில் அடிக்கிறது, அல்லது ஒட்டின்போது விழுந்த உலோகத் துணுக்கு. சீற் பைப்பைக் கழற்றிக் கவிழ்த்துக் குலுக்குங்கள். றிம்முக்குள் விழுந்த கம்பி நிப்பிளும் இதே சத்தம் போடும்.

கடையோடு பேசுவது

தொலைபேசியில் சண்டை போடாமல் எழுத்தில் அனுப்புங்கள். வாங்கிய திகதி, தொடர் இலக்கம், அறிகுறி, செய்த சோதனை, அளவு, படம். "சில்லைத் திருப்பிப் போட்டும் இடைவெளி மாறவில்லை, நூல் அளவு இடம் 32 வலம் 28.5" என்று எழுதுகிறவனை "ஓட ஓட செற் ஆகிடும்" என்று சொல்லி அனுப்புவது கஷ்டம். எனக்கு முதலில் அப்படித்தான் சொன்னார்கள். அலுமினியம் ஓட ஓட நேராகாது என்று பதில் போட்டு, படங்களைத் திரும்ப அனுப்பினேன். உற்பத்தியாளரின் வாரண்டி பெரும்பாலும் முதல் உரிமையாளருக்கும் உற்பத்திப் பிழைக்கும் மட்டும்தான். விழுந்தது, மோதியது, தவறாகப் பூட்டியது அதில் சேராது. மறைத்துச் சொன்னால் பிறேமே காட்டிக்கொடுக்கும்.

பதிலே இல்லை என்றால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்தது, தொலைபேசி 1977. முறைப்பாட்டை எழுத்தில், பற்றுச்சீட்டுப் பிரதியோடு, காலம் கடத்தாமல் கொடுங்கள். எனக்கு அது வரை போகத் தேவை வரவில்லை.

புதுப் பிறேம் ஏழு கிழமை கழித்து வந்தது. பெட்டியைப் பிரித்ததும், ஒன்றும் பூட்டுமுன், விறாந்தையில் வைத்துத் தங்கூசியைக் கட்டினேன். இடம் 30, வலம் 30.5. பாலத்தில் ஏறும்போது கிறிச் மட்டும் இன்னும் சில நாள் வருகிறது. இறங்கிக் குவிக் ரிலீஸைத் துடைத்துவிட்டு ஏறுகிறேன்.